சோபா செட்டியில் உரிவது தோல் இல்லை

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, லெதர் செட்டி உரியுது, தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தன், இன்னும் கூடிப்போச்சு." போய்ப் பார்த்தால் இருக்கை முழுக்க மண்ணிறச் செதில், பேரப்பிள்ளையின் தொடையிலும் இரண்டு மூன்று ஒட்டியிருக்கிறது, உரிந்த இடத்தில் வெள்ளைத் துணி. வாங்கி மூன்று வருடம்தான், அதுவும் ஓய்வுபெற்ற காசில். செட்டிக்கு உறை தைக்கும் எனக்கு இந்த மாதம் இது நான்காவது வீடு.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். தோல் அப்படி உரியாது. மாட்டுத்தோல் பழசானால் காயும், வெடிக்கும், நிறம் மங்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தாள் தாளாகக் கழன்று கீழே பின்னல் துணி தெரியாது, ஏனென்றால் தோலுக்குக் கீழும் தோல்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் உரிவது துணிமேல் பூசிய பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். ஈரக்காற்று பட்டுப்பட்டு அது உடைந்துபோகும், கொழும்பில் ஈரத்துக்கா பஞ்சம்? உடைந்த பூச்சை எண்ணெயோ பொலிஷோ ஒட்டவைக்காது, என்னாலும் முடியாது. முழுக்கக் கழற்றிப் புதிதாக உறை போடுவதுதான் வழி.

"ஜெனுயின் லெதர் என்றுதானே சொன்னாங்கள்" என்கிறார்கள். அந்தச் சொல் எந்த அடுக்கு என்று சொல்லாது. தடித்த தோலைப் பிளந்தால் உரமுள்ளது மேலடுக்கு, கீழடுக்குதான் ஸ்பிளிட். அதற்குப் பூச்சுப் பூசி விற்றாலும் பெயர் அதேதான். பொண்டட் லெதர் இன்னும் மோசம்: வெட்டுத்துண்டுகளை அரைத்துப் பசையோடு சேர்த்துத் துணியில் ஒட்டி, மேலே தோல்மாதிரி அச்சுக் குத்தியது. ஃபுல் கிரெய்னில், அதாவது மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்ட மேலடுக்குத் தோலில், உண்ணி கடித்த தழும்புகூடத் தெரியும், அதைக் குறை என்று தள்ளாதீர்கள். ஆனால் சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது, மேலடுக்கிலேயே நிறப்பூச்சுப் போட்டு முடித்த தோல். தேநீர் கொட்டினாலும் துடைத்துவிடலாம்.

கடையில் வாசம் பிடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள், வாசம் அடித்தும் விற்கலாம். லைட்டரால் சுட்டுப் பார்க்கவே வேண்டாம்! குஷனில் சிப் இருந்தால் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள், பின்னல் துணி தெரிந்தால் அது தோல் இல்லை. நார்நாராக இருந்தால் மேலே பெருவிரலால் அமத்துங்கள், நல்ல தோல் சுற்றிவரச் சுருங்கும். அப்புறம் முதுகையும் பக்கத்தையும் தனியாகக் கேளுங்கள். உட்காரும் இடம் மட்டும் தோல், மற்றதெல்லாம் ரெக்சின் என்று தைப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். எந்தப் பகுதி என்ன என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வெளியே வாருங்கள். ஒரு மாட்டுத்தோல் ஏறக்குறைய 50 சதுர அடி, மூன்று பேர் இருக்கும் செட்டிக்கு மூன்று நான்கு தோலாவது வேண்டும். விலையைக் கேட்டதும் அதை ஒருமுறை நினையுங்கள்.

காசு போதாவிட்டால் தடித்த பருத்தித் துணி போடுங்கள், மலிவான 'லெதரை' விட அது எவ்வளவோ காலம் இருக்கும். அந்த அம்மாவின் செட்டியில் மரச்சட்டம் நல்லது, அதனால் துணிதான் போடுகிறோம். நீலம் வேண்டுமாம், பேரன் கேட்டானாம்.