நியூயார்க்கில் கைத்துப்பாக்கி: உரிமம் கிடைக்கும், கொண்டுபோகத்தான் இடமில்லை

அமெரிக்கா என்றாலே யார் வேண்டுமானாலும் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படி இல்லை. அங்கே கைத்துப்பாக்கிக்கு 1911-லிருந்தே உரிமம் வேண்டும். 2022 வரை, வீட்டுக்கு வெளியே மறைத்து எடுத்துச் செல்ல வேண்டுமானால் "தகுந்த காரணம்" காட்ட வேண்டியிருந்தது. ஊரில் திருட்டு அதிகம், பயமாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் போதவில்லை. மற்றவர்களுக்கு இல்லாத ஆபத்து தனக்கு இருப்பதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. சாதாரண ஆட்களுக்கு அது நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை 6-க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்தது. 'புரூயன்' (Bruen) வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பு இது. தற்காப்புக்காக வெளியே ஆயுதம் எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை, அதற்குத் தனிக் காரணம் கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு வாசலைத் திறந்தும் வைத்தது: பள்ளிகள், அரசு அலுவலகங்கள் போன்ற "பாதுகாப்பு முக்கியமான இடங்களில்" தடை விதிக்கலாம்.

அந்த வாசல் வழியாகத்தான் நியூயார்க் நுழைந்தது. பஃபலோ நகரின் சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். தீர்ப்பு வந்த எட்டாவது நாளே ஆளுநர் கேத்தி ஹோக்கல் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. யார் எடுத்துச் செல்லலாம் என்பதில் இருந்த இறுக்கம், எங்கே எடுத்துச் செல்லலாம் என்பதற்கு இடம் மாறியது. துப்பாக்கி வைத்திருப்போரின் கோபம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

உரிமம் பெற என்ன வேண்டும்?

21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16 மணி நேர நேரடி வகுப்பு, அதன் மேல் 2 மணி நேரம் சுடும் பயிற்சி. நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல நான்கு பேர். கணவன் அல்லது மனைவி, வீட்டில் உடன் வசிக்கும் பெரியவர்கள் ஆகியோரின் விவரம். பிறகு நேர்காணல். நியூயார்க் நகரில் காவல் துறையும், வெளி மாவட்டங்களில் பெரும்பாலும் நீதிபதிகளும் உரிமம் தருகிறார்கள்.

கடந்த மூன்று ஆண்டுகளில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகளையும் எழுதித் தர வேண்டும் என்று முதலில் சட்டம் கேட்டது. இதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஓர் உரிமையைப் பயன்படுத்த, என்ன பேசினாய் என்று காட்டு எனக் கேட்பது வேறு எந்த உரிமத்துக்கும் இல்லாத வழக்கம். இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023 டிசம்பரில் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது.

எங்கெல்லாம் கூடாது?

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நூலகம், பூங்கா, உயிரியல் பூங்கா, சுரங்க ரயில், பேருந்து, திரையரங்கு, விளையாட்டரங்கம், மது பரிமாறும் இடம், வாக்குச்சாவடி, ஆர்ப்பாட்டம் நடக்கும் இடம், டைம்ஸ் சதுக்கம் என்று பட்டியல் நீள்கிறது. உரிமம் கையில் இருந்தாலும் அங்கே துப்பாக்கியோடு பிடிபட்டால் நான்கு ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய கடுங்குற்றம்.

மன்ஹாட்டனில் வசித்து, ரயிலில் வேலைக்குப் போகிற ஒருவருக்கு இந்தப் பட்டியலைப் பொருத்திப் பாருங்கள். ரயிலேற முடியாது, பூங்காவைக் குறுக்கே கடக்க முடியாது. உரிமத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்த வழியில்லாமல் செய்துவிட்டார்கள் என்பது உரிமதாரர்களின் முதல் புகார். பணமும் நேரமும் செலவழித்து, கைரேகை கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்தவர்களைத்தான் இது கட்டுப்படுத்துகிறது, கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்தப் பட்டியலையும் படிப்பதில்லை என்பது இரண்டாவது. நெரிசலான ரயில் பெட்டியில் நல்லவர் சுட்டாலும் குண்டு யார்மீது பாயும் என்று சொல்ல முடியாது என்பது தடையை ஆதரிப்போரின் பதில். நகரத்து ரயிலைப் பொறுத்தவரை அந்தப் பதிலை என்னால் தள்ள முடியவில்லை.

வடக்கே மலைப் பகுதியில் கதை வேறு. அடிரோண்டாக் பூங்கா சுமார் 60 லட்சம் ஏக்கர். அதற்குள் ஊர்கள், வீடுகள், தனியார் காடுகள் எல்லாம் இருக்கின்றன. பூங்காவில் தடை என்று சட்டம் சொன்னதும், அப்படியானால் என் வீடே தடை செய்யப்பட்ட இடமா என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். தடைப் பட்டியலில் இருந்த வழிபாட்டுத் தலங்களில் காவலுக்கு நிற்பவர்களுக்கும் இதே குழப்பம். பழைய போர்க் காட்சிகளை மஸ்கட் எனும் பழங்கால நீளத் துப்பாக்கியோடு நடித்துக் காட்டும் குழுக்கள்கூட நிகழ்ச்சிகளை ரத்து செய்தன. அவசரமாக எழுதிய சட்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2023-ல் அரசே திருத்தம் கொண்டுவந்து இவற்றுக்கெல்லாம் விலக்கு அளித்தது.

எல்லாவற்றையும்விடச் சூடான சண்டை தனியார் இடங்களைப் பற்றியது. "துப்பாக்கிக்கு அனுமதி இல்லை" என்று கடைக்காரர் பலகை வைத்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் பல மாநிலங்களின் வழக்கம். நியூயார்க் அதைத் தலைகீழாக்கியது: அனுமதி உண்டு என்று பலகை வைத்தாலோ நேரில் சொன்னாலோ மட்டுமே கொண்டுபோகலாம். எந்த மளிகைக் கடைக்காரர் வேலை மெனக்கெட்டு அப்படிப் பலகை மாட்டுவார்? பொதுமக்கள் வந்துபோகும் கடை போன்ற இடங்களுக்கு இந்த விதி செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்துவிட்டது. தடை செய்யப்பட்ட இடங்களின் பட்டியலில் பெரும்பகுதி மட்டும் தப்பியது. 2025 ஏப்ரலில் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் ஹவாய் மாநிலத்தில் உள்ள இதே போன்ற கடை விதியை எதிர்க்கும் வழக்கை அதே ஆண்டு அக்டோபரில் விசாரணைக்கு ஏற்றது.

அங்கே வசிக்கும் நம்மவர்களுக்குச் சில செய்திகள். வேறு மாநிலத்தில் எடுத்த உரிமம் நியூயார்க்கில் செல்லாது. காரில் துப்பாக்கியை விட்டுவிட்டு இறங்குவதானால் குண்டுகளை எடுத்துவிட்டு, பூட்டிய உறுதியான பெட்டியில், வெளியே தெரியாதபடி வைக்க வேண்டும். முன்பக்கத்து டேஷ்போர்டு அறை இதற்குப் போதாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.