மகள் எழுத்தைப் படிக்கிறாளா, படத்தைப் படிக்கிறாளா?

“ஐந்து வயது மகள் ஏ முதல் இசட் வரை தடங்கலின்றிச் சொல்கிறாள். அ முதல் ஃ வரை பாட்டாகவே பாடுகிறாள். புத்தகத்தைத் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க வரவில்லை. ஃபோனிக்ஸ் புத்தகம் வாங்கட்டுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரே குறுக்கே நிற்கிறது. சி, ஏ, டீ என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ என்ற பூனை வராது. 26 எழுத்துகள் சுமார் 44 ஒலிகளைச் சுமக்கும் மொழி அது. அதனால் ஃபோனிக்ஸ் முறையில் ஒலியை முதலில் கற்பிக்கிறார்கள். இங்கிலாந்தில் பல பள்ளிகள் எஸ், ஏ, டீ, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன. அந்த ஆறும் கைவந்தால் பின், டின், டிப், ஸிப் என்று சொற்கள் உடனே கிடைக்கும். முதல் புத்தகமும் பெரும்பாலும் அந்தச் சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கும்.

தமிழிலும் செய்து பார்க்கலாம். ட, ப, ம, ட், ம் என்ற ஐந்து மட்டும் தெரிந்த குழந்தைக்குப் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் திறந்துகொள்ளும். ‘பட்டம் படபட’ என்று ஒரு வரியே எழுதிவிடலாம்!

அடுத்த சில நொடிகளில் நடப்பதுதான் எனக்கு வியப்புத் தீராத விஷயம். ‘மடம்’ என்ற சொல்லுக்கு மேலே கட்டடத்தின் படம் இருக்கிறது. ஒரு குழந்தை படத்தைப் பார்த்து “வீடு” என்கிறது. அதன் கண் எழுத்துக்கு வரவேயில்லை. படத்தை மூடிவிட்டால் குழந்தை கூட்டிப் படித்தாக வேண்டும். ம என்கிறது, அந்த ஒலியை நினைவில் பிடித்துக்கொண்டே ட-வுக்குப் போகிறது, இரண்டையும் நழுவவிடாமல் ம்-இல் வந்து நிற்கிறது. ம... ட... ம்... மடம்! காது ஏற்கெனவே அறிந்த சொல் அந்தக் கணத்தில் உள்ளே விழித்துக்கொள்கிறது; முகம் மலர்வதைப் பார்க்கலாம். எழுத்துகளின் வரிசை, ஒலி, பொருள் மூன்றும் ஒரே நேரத்தில் மனத்தில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இப்படிச் சில முறை ஒட்டியபின் அந்தச் சொல்லைக் கூட்ட வேண்டியதில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு சொல்லிலும் குழந்தை தனக்குத் தானே ஆசிரியராகிறது என்பது உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் விரித்துரைத்த கருத்து. “வீடு” என்று ஊகித்த குழந்தைக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை.

ஊகத்தை விலக்கத்தான் இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதையொட்டிய குழந்தைகளுக்கு நடத்தும் ஃபோனிக்ஸ் தேர்வின் 40 சொற்களில் 20 பொருளற்றவை. நம் ‘டமபம்’ போல.

ப், ட் போன்ற ஒலிகளைத் தனியே நீட்டிச் சொல்ல முடியாது. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’, அதாவது மெய் அகரத்தோடு சேர்ந்து இயங்கும், என்கிறது தொல்காப்பியம். நம் ப, ட ஆகியவற்றில் அகரம் கூடவே இருப்பதால் தமிழ்க் குழந்தைக்குக் கூட்டுவது எளிது. ஆனால் கொம்பு இருக்கிறதே! ‘கெ’யில் கண் முதலில் காண்பது கொம்பை; காது முதலில் கேட்பது க்-ஐ. ‘கொ’வில் உயிர்க்குறி இருபுறமும் நிற்கிறது. குழந்தைகள் எங்கே இடறுகிறார்கள், எந்த எழுத்துக்குப் பின் எதைக் கற்பிக்கலாம் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் வகுப்பறையில் உட்கார்ந்து அளக்க வேண்டும். அரசு அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ஆங்கில அட்டைகளைத் தமிழாக்கி விற்பதால் இது விளங்கப்போவதில்லை.

வாசகிக்கு: புத்தகம் வாங்குமுன் மகளுக்கு எந்தெந்த எழுத்துகளின் ஒலி தெரியும் என்று பாருங்கள். அவற்றால் ஆன சொற்களைச் சிலேட்டில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் படம் வேண்டாம். இரவில் நீங்கள் வாசித்துக் காட்டும் கதைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மடம் என்ற சொல்லை ஒருமுறைகூடக் கேட்டிராத குழந்தை, மூன்று எழுத்தையும் சரியாகக் கூட்டிவிட்டு, அடுத்து என்ன என்று நம் முகத்தைப் பார்க்கும்.