கற்றெச்சின்: வெற்றிலைத் தட்டத்தில் இருந்து போன சொல்

உப்புவெளியில் இருக்கும் மச்சாள் போன கிழமை ஒரு கிரீன் டீ பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "இதில கற்றெச்சின் எண்டு ஒண்டு இருக்காம், மூளைக்கலங்களை அழற்சியில இருந்து காக்குமாம். அது என்ன சாமான், தமிழில என்ன பேர்?"

தமிழில் என்ன பேர் என்று கேட்டதுதான் வேடிக்கை, ஏனென்றால் அந்தப் பெயரே நம் பக்கத்தில் இருந்து போனதுதான்.

வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காசுக்கட்டி தெரியும். அம்மம்மாவின் தட்டத்தில் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் பக்கத்தில் மண்ணாங்கட்டி மாதிரி ஒரு செம்பழுப்புத் துண்டு கிடக்கும், நாக்கில் வைத்தால் வாயே ஒட்டிப்போகிற துவர்ப்பு. கருங்காலி மரத்தின் வைரத்தைச் சீவி, தண்ணீரில் காய்ச்சி, வற்றவைத்துக் கட்டியாக எடுப்பது அது. (திருகோணமலைக்காரருக்குக் கருங்காலி என்றதும் நம் காட்டில் நிற்கிற, உள்ளே கன்னங்கரேலென்று வைரமுள்ள மரம்தான் நினைவுக்கு வரும். அது வேறு சாதி. சித்த மருத்துவம் சொல்கிற கருங்காலி முள்ளுள்ள வேல் இனம். கழுத்தில் கருங்காலி மாலை போட்டுத் திரிகிறவர்கள் எந்தக் கருங்காலி என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.)

இந்தக் காசுதான் மூலச்சொல். தமிழில் காசு, கன்னடத்தில் காச்சு, மலாயில் கச்சு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கேயர் பார்போசா, குஜராத்தின் கம்பாயாவில் இருந்து மலாக்காவுக்குப் போகும் சரக்குகளில் 'காச்சோ' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஐரோப்பிய மருந்துக்கடைக்காரர்கள் கொஞ்சக்காலம் இதை யப்பானில் இருந்து வருகிற மண் என்றே நம்பி 'யப்பான் மண்' என்று லத்தீனில் பெயர் எழுதி விற்றார்கள். அப்புறம் மலாய்ச் சொல்லை வைத்து லத்தீனில் 'கற்றெச்சு' ஆக்கினார்கள். 1753இல் தாவரங்களுக்கு லத்தீன் பெயர் வைத்த லின்னேயசு என்ற சுவீடன் அறிஞர் பாக்கு மரத்துக்கு வைத்த பெயர் 'அரெக்கா கற்றெச்சு'. அரெக்கா என்பது மலையாள அடைக்காயில் இருந்து போர்த்துக்கேயர் வாய்வழி போனது, நம் அடைக்காயும் அதே சொல்தான். ஆக, பாக்கின் அறிவியல் பெயரில் இரண்டு சொல்லுமே வெற்றிலைத் தட்டத்தில் இருந்து எடுத்தவை.

காசுக்கட்டியில் இருந்து பிரித்தெடுத்த துவர்ப்புப் பொருளுக்கு வால் ஒட்டி 'கற்றெச்சின்' என்றார்கள். கதை இதோடு முடியவில்லை. 1839இல் ரைன்ஷ் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் கற்றெச்சினைச் சூடாக்கி வடித்தபோது கிடைத்த பொருள் 'கற்றெக்கோல்' ஆனது. அந்தக் கற்றெக்கோல் அமைப்பு உள்ளே இருப்பதால்தான் உடம்புக்குள் செய்தி கொண்டுபோகிற டோபமீன், அதிரீனலின் போன்ற பொருள்களுக்கெல்லாம் சேர்த்துக் 'கற்றெக்கோலமீன்' என்று குடும்பப் பெயர் வந்தது. மூளைக்குள் ஓடுகிற டோபமீனின் குடும்பப் பெயரில் அம்மம்மாவின் காசு ஒட்டிக்கொண்டிருக்கிறது! எனக்கு இதைவிடப் பிடித்த சொற்கதை வேறொன்று இல்லை.

சரி, மூளை. தேயிலையில் உள்ள கற்றெச்சின்களில் அதிகமாக இருப்பது எபிகலோகற்றெச்சின் கலேற்று. நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 'கலோ', 'கலேற்று' இரண்டும் ஓக் மரத்தில் பூச்சி கடித்து வருகிற மாசிக்காயின் லத்தீன் பெயரில் இருந்து வந்தவை. அதே மாசிக்காய்தான் மருந்துச் சரக்குக் கடையிலும் விற்கிறது.

அழற்சி நல்ல தமிழ்ச் சொல். அழல் என்றால் நெருப்பு, அதில் இருந்து அழற்சி. மூளையில் அந்த நெருப்பை மூட்டுவது பெரும்பாலும் மைக்குரோகிளையா என்னும் காவற்கலங்கள். கிருமியோ சிதைவோ கண்டால் நைத்திரிக்கு ஒட்சைட்டு, சைற்றோகைன் என்று எதையாவது கக்கும். கொஞ்ச நேரத்துக்கு அது தேவை, அடங்காமல் வருடக்கணக்காகக் கனன்றால் பக்கத்தில் இருக்கிற நரம்புக்கலங்கள் கருகும். ஆய்வுகூடத்தில் இந்தக் கலங்களைப் பற்றீரியாவின் மேலுறைப் பொருளால் சீண்டிவிட்டு, தேயிலைப் பொருளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கக்குவது குறைந்தது. 2004இல் வந்த ஓர் ஆய்வில் அப்படிக் காப்பாற்றப்பட்டவை டோபமீன் சுரக்கிற நரம்புக்கலங்கள். காசு காசைக் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் அது வளர்ப்புக் கிண்ணத்தில் நடந்தது. நாம் குடிக்கிற தேநீரில் இருந்து இரத்தத்துக்குப் போவதே சிறு பங்கு, மூளைக்குள் நுழைவது அதிலும் துளி. அதனால் பெட்டியில் 'காக்கும்' என்று எழுதுவது அளவுக்கு மிஞ்சிய பேச்சு. துளிதானே போகிறது என்று மாத்திரையாக அள்ளிப் போடவும் கூடாது: நாளுக்கு 800 மில்லிகிராம் அளவிலும் அதற்கு மேலும் இதை மாத்திரையாக எடுத்தவர்களிடம் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. காசுக்கட்டி நல்லது போலிருக்கே என்று வெற்றிலைக்குத் திரும்பவும் வேண்டாம், பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

இனித் தமிழ்ப் பெயர். விற்றமின் என்று எழுதுகிற இலங்கை வழக்கில் கற்றெச்சின் என்கிறோம், தமிழ்நாட்டில் கேட்டசின் என்கிறார்கள். வேரோடு சேர்த்து ஆக்கலாமே என்று பார்த்தால், 'காசுப்பொருள்' வங்கிக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது. 'கட்டி'யைச் சேர்த்தாலோ இன்னும் மோசம், மூளையையும் கட்டியையும் ஒரே வசனத்தில் வைத்தால் படிக்கிறவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். என் தெரிவு 'காச்சின்'. வேரும் தெரிகிறது, இரசாயன வாலும் இருக்கிறது. பாடப்புத்தகம் ஏற்கிற வரைக்கும், சாதாரணமாகப் பேசும்போது 'தேயிலைத் துவர்ப்பு' போதும்.

மச்சாளுக்கும் அதையே எழுதினேன். உடனே பதில்: "அப்ப நாங்க குடிக்கிற பிளேன்ரீயில அது இல்லையோ?"

இருக்கிறது, குறைவாக. இரண்டும் ஒரே செடியின் கொழுந்துதான். கிரீன் டீக்கு, பறித்த கொழுந்தை ஆவியிலோ சட்டியிலோ சூடாக்கி அதன் நொதியத்தை முடக்கிவிடுகிறார்கள், துவர்ப்பு அப்படியே தங்குகிறது. நம் மலையகத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் கொழுந்தை வாடவைத்து, நசுக்கி, காற்றுப்படப் போடுகிறார்கள். அதிலே காச்சினில் பெரும்பகுதி தியாஃபிளேவின் முதலிய வேறு பொருள்களாக மாறிவிடும். பிளேன்ரீயின் செந்நிறம் அதுதான்.