ரோமானியரின் ஜெர்மானிய எல்லைக்காவல் இயங்கிய விதம்

ரைன் கரையில் ரைன்புரோல் என்னும் ஊருக்கு அருகே தொடங்கி, டான்யூப் கரையில் ஐனிங் அருகே முடிந்த ரோமானிய எல்லை ஏறத்தாழ 550 கி.மீ. நீளமுடையது. ஆய்வாளர்கள் இதனை லிமெஸ் என்கின்றனர். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கருவாலி மரங்களைப் பிளந்து நட்ட உயரமான வேலியே இதன் முதல் தடை. மார்க்கோபெல் என்னுமிடத்தில் கிடைத்த வேலிக்கட்டைகளின் ஆண்டுவளையங்கள், அம்மரங்கள் கி.பி. 119–120 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை எனக் காட்டுகின்றன. பின்னர் மேற்குப் பகுதியில் அகழியும் மண்மேடும் சேர்ந்தன. கிழக்கே ரேசியா மாகாணத்தில் வேலியின் இடத்தைக் கற்சுவர் பிடித்தது.

மூன்று மீட்டர் உயரச் சுவரை ஏணி வைத்து எவரும் ஏறிவிடலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால், கொள்ளையடித்த மாடுகளையும் குதிரைகளையும் ஏணியில் ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாது. உள்ளே வருவதைக் காட்டிலும் கொள்ளைப்பொருளோடு வெளியேறுவதையே இத்தடை கடினமாக்கியது என்பதால், அதற்குள் படை வந்து சேர அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தைப் பயனுள்ளதாக்கியவை சுமார் 900 காவல்கோபுரங்கள். ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரியுமாறு அமைந்த இவற்றில் வாயில் தரைத்தளத்தில் இராது. சில வீரர்களே தங்கிய மாடிக்கு ஏணியால்தான் ஏற வேண்டும். தீப்பந்தமும் ஊதுகொம்பும் செய்தியைக் கோட்டைக்குக் கடத்தின. ஆலென் என்னும் ஊரின் கோட்டையில் மட்டும் ஆயிரம் பேர் கொண்ட குதிரைப்படை நின்றது. அமைதிக்காலத்தில் வணிகரும் பயணிகளும் வாயில்கள் வழியே கண்காணிப்புடன் சென்றுவந்தனர். இந்த அன்றாடப் பணியே எல்லையின் முதன்மைப் பயன் என்று நான் கருதுகிறேன்.

வால்டூர்ன் நகரையடுத்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவுக்கு மலையையும் பள்ளத்தாக்கையும் பாராமல் எல்லை நேர்கோடாகவே செல்கிறது. போர்த்தந்திரம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அது மேடுகளைத் தேடி வளைந்திருக்கும். நில அளவையாளரின் திறமையையும் பேரரசின் அதிகாரத்தையும் ஒருங்கே அறிவிக்கும் கோடு இது.

இவ்வமைப்பின் உயிர்நாடி பின்னாலிருந்த படைதான். பாரசீகப் போருக்காக வீரர்கள் கிழக்கே சென்றிருந்த 233-ஆம் ஆண்டில் அலமானியர் என்னும் ஜெர்மானிய இனத்தார் எல்லையைக் கடந்து ஊடுருவினர். 260-ஐ ஒட்டி எல்லைக்கோடே கைவிடப்பட்டது. ஆக்ஸ்பர்க்கில் 1992-இல் கிடைத்த வெற்றிக்கல், 260-ஆம் ஆண்டு ஏப்ரல் 24, 25 நாட்களில் யூதுங்கர் என்னும் மற்றொரு ஜெர்மானிய இனத்தார் முறியடிக்கப்பட்டு, பல்லாயிரம் இத்தாலியக் கைதிகள் மீட்கப்பட்டதைக் கூறுகிறது. இத்தாலிவரை சென்றவர்கள் சுமையுடன் திரும்புகையில்தான் பிடிபட்டனர்; அவர்களை எதிர்த்து நின்றோருள், எல்லை வீரர்களுடன் உள்ளூர் மக்களும் இருந்ததாக அக்கல் குறிப்பிடுகிறது.