சம்ராட் யந்திரம் ஏன் 45 டிகிரியில் சாயவில்லை?

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜந்தர் மந்தரில் வானத்தைப் பார்த்து ஏறும் பெரிய படிக்கட்டின் சாய்வை யார் முடிவு செய்தார்கள்? 45 டிகிரி வைத்திருந்தால் கட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்குமே?”

அந்தச் சாய்வை முடிவு செய்தது டெல்லி இருக்கும் இடம்தான். அவர் பார்த்தது சம்ராட் யந்திரம். ஜெய்ப்பூரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724 வாக்கில் அமைத்த வானாய்வுக் கூடத்தின் சூரியக் கடிகாரம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது ஒரு செங்கோண முக்கோணம். தரை அடிப்பக்கம், வடக்கே எழும் சுவர் குத்துயரம், படிகள் ஏறும் விளிம்பு கர்ணம். பித்தாகரஸ் தேற்றம் இங்கே தேவையே இல்லை. ஒரு கோணம் 90 டிகிரி என்றால் மற்ற இரண்டும் சேர்ந்து 90 என்ற பண்பு ஒன்றே போதும்.

சூரியன் பூமியின் அச்சைச் சுற்றி வருவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆகவே நிழல் சீராக நகர வேண்டுமானால், நிழல் தரும் விளிம்பு அந்த அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். செங்குத்தாக நட்ட கம்பில் இது நடக்காது. அதன் நிழல் ஒரு மணி நேரத்தில் திரும்பும் கோணம் பொழுதுக்குப் பொழுது, பருவத்துக்குப் பருவம் மாறும்.

அச்சுக்கு இணையான கோட்டை டெல்லியில் எப்படி வரைவது? ஒரு தாளில் பூமியை வட்டமாக வரையுங்கள். மையத்திலிருந்து வட துருவத்துக்கு ஒரு கோடு, அதுதான் அச்சு. டெல்லிக்கு இன்னொரு கோடு. டெல்லியின் அட்சரேகை சுமார் 28.6 டிகிரி, அதாவது டெல்லிக் கோடு பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு உயர்ந்திருக்கிறது. அச்சோ பூமத்திய ரேகைக்குச் செங்குத்து. எனவே இரண்டு கோடுகளுக்கும் இடையே மிஞ்சுவது 61.4 டிகிரி. இனி டெல்லிக் கோட்டை வட்டத்துக்கு வெளியே நீட்டுங்கள். அதுவே டெல்லியில் தூக்குக்குண்டு காட்டும் செங்குத்து, யந்திரத்தின் வடக்குச் சுவர். டெல்லிப் புள்ளியில் அச்சுக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், ஒத்த கோணங்கள் சமம் என்பதால், அது செங்குத்தோடு அதே 61.4 டிகிரியில் நிற்கும். முக்கோணத்தின் உச்சிக் கோணம் கிடைத்துவிட்டது. 90 டிகிரி கோணம் சுவரும் தரையும் சேரும் சுவரடியில் இருக்கிறது. ஆகவே படி தொடங்கும் மூலையில் 90 கழித்தல் 61.4. அட்சரேகையே திரும்பி வந்துவிட்டது! 90லிருந்து இரண்டு முறை கழித்ததில் பூமியின் நடுவில் இருந்த கோணம் நம் காலடிக்கு வந்து சேர்கிறது. எத்தனை முறை வரைந்தாலும் எனக்கு அலுக்காத படம் இது.

இதே யந்திரத்தைச் சென்னையில் கட்டினால் சாய்வு 13 டிகிரிதான். தரையில் 10 மீட்டர் போனால் டெல்லியில் விளிம்பு சுமார் 5.5 மீட்டர் உயரும்; சென்னையில் 2.3 மீட்டர், கன்னியாகுமரியில் 1.4 மீட்டர். 45 டிகிரி வேண்டுமானால் பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் நடுவழியில் உள்ள ஊரைத் தேட வேண்டும்.

கட்டிடம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. படிக்கட்டின் இருபுறமும் அளவுக் கோடுகள் பொறித்த வில் வடிவ வளைவுகள் உண்டு. விளிம்பின் நிழல் காலையில் மேற்கு வில்லிலும் பிற்பகலில் கிழக்கு வில்லிலும் விழுந்து, மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 15 மீட்டர் ஆரமுள்ள வில் என்றால், அது நிமிடத்துக்கு ஆறரை சென்டிமீட்டர். நிழல் ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்று அந்த வில்களில் அளவுக் கோடுகள் பலவும் தேய்ந்து கிடக்கின்றன. சுற்றிலும் உயர்ந்த கட்டிடங்கள் எழுந்துவிட்டன. கோடுகளை மறுபடி துல்லியமாகப் பொறிக்கப் பணம் ஒதுக்குவது அறிவியல் கல்விக்கான செலவு என்றே நான் கருதுகிறேன். முக்கோணப் பாடத்தை டெல்லியின் தமிழ்ப் பள்ளிகள் ஒரு நாளாவது அங்கே கொண்டுபோய் நடத்த வேண்டும்.

போகிறவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் குழம்ப வேண்டாம். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். டெல்லி இருப்பது 77.2 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் யந்திரம் சுமார் 21 நிமிடம் பின்தங்கிக் காட்டும். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வித்தியாசம் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் கூடும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் குறையும்.