பால் மாட்டுக் காளைக்கன்றை இறைச்சிக்கு வளர்க்க: இங்கிலாந்தின் பாஸ்போர்ட் விதிகள்

மாடு கறக்க வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். பிறப்பதில் ஏறக்குறைய பாதி காளை. பாலுக்கென்றே வளர்க்கும் ஹோல்ஸ்டீன் இனத்தின் காளைக்கன்றால் பால் பண்ணைக்காரருக்குப் பெரிய பயன் இல்லை. அதை வாங்கி வளர்த்து இறைச்சிக்கு விற்பது இங்கிலாந்தில் தனித் தொழில். இதில் இறங்குபவர் தீவனக் கணக்குக்கு முன்பே கன்றின் காகிதங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

பால் பண்ணையில் பிறந்த கன்றுக்கு 36 மணி நேரத்துக்குள் ஒரு காதில் அடையாள வில்லை மாட்ட வேண்டும். மறு காதுக்கு 20 நாள் வரை அவகாசம். பிறந்த 27 நாளுக்குள் பாஸ்போர்ட் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆமாம், மாட்டுக்குத்தான் பாஸ்போர்ட்: அதன் அடையாளத்தையும் பிறந்த தேதியையும் காட்டும் ஆவணம். நாள் தவறினால் வெறும் பதிவுச் சான்றுதான் கிடைக்கும். அந்த மாட்டை வேறு பண்ணைக்கு விற்க முடியாது, இறைச்சியும் மனிதர் உணவுக்குப் போகாது. பெண் கன்றானால் வளர்த்துக் கறந்தாவது கொள்ளலாம். காளைக்கு அதுவும் இல்லை.

இத்தனை கறார் எதற்கு? 1996-இல் 'மேட் கவ்' எனப்படும் மாட்டுப் பித்த நோய் மனிதருக்கும் பரவியிருக்கலாம் என்று அரசே அறிவித்தது. 30 மாதம் தாண்டிய மாடு உணவுக்கு ஆகாது என்ற தடை வந்து 2005 வரை நீடித்தது. மாட்டின் வயதுக்கு அத்தாட்சி வேண்டுமே! அந்த 1996 ஜூலையிலேயே பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.

அப்புறம் மாட்டுக் காசநோய். ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ மந்தைச் சோதனை நடக்கும் பகுதிகளில், 42 நாளோ அதற்கு மேலோ ஆன கன்றைப் பண்ணையை விட்டு அனுப்ப, முந்தைய 60 நாளுக்குள் செய்த சோதனையில் நோயில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பொதுவாகச் செலவு விற்பவருடையது. 42 நாள் ஆகுமுன்பே விற்றுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பால்குடி மறக்காத கன்றுகள் சந்தைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் கண்டு கட்டுப்பாட்டில் இருக்கும் பண்ணை என்றால், வயது எதுவானாலும் அனுமதி இல்லாமல் கன்று வெளியேறாது.

வாங்குபவருக்கு முதலில் தன் நிலத்துக்கான பண்ணை எண் இருக்க வேண்டும். கன்று கைமாறிய 3 நாளுக்குள் இரு தரப்பும் அரசின் மாட்டுப் பதிவு அமைப்புக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். புதுக் கன்று வந்து இறங்கியதும் பண்ணையிலுள்ள மாடுகளை 6 நாளுக்கு வேறெங்கும் ஓட்டக்கூடாது. கசாப்புக் கூடத்துக்கு நேராக அனுப்புவது போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.