ஐந்து நிமிடத்துக்கு ஒரு கழித்தல்

1994இல் டோபியாஸ் ஓட்டிகர் வேலை பார்த்த இடத்தில், இங்கிலாந்தின் டி மோன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், வெளியுலகத்துக்கு ஒரே ஓர் இணைய இணைப்புதான் இருந்தது. அதன் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் 2 மெகாபைட் படம் ஒன்று அந்த வழியில் இறங்கி முடிய நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தச் சந்துக்குள் எத்தனை பேர் நெருக்கியடிக்கிறார்கள் என்பதை அறிய எல்லோருக்கும் ஆவல். ஓட்டிகர் அவசரத்துக்கு ஒரு சிறு நிரல் எழுதினார். இணைப்பின் போக்குவரத்தை வரைபடமாக்கி, அதை ஒரு வலைப்பக்கத்தில் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. 1995 வசந்தத்தில் அதை எம்.ஆர்.டி.ஜி. என்ற பெயரில் வெளியிட்டார். பச்சை நிறம் உள்ளே வருவது, நீலக் கோடு வெளியே போவது. வலையமைப்பு நிர்வாகிகளில் ஒரு தலைமுறையே இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தது.

இந்த நிரல் வேகத்தை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அளப்பதே இல்லை. வீட்டு மின்சார மீட்டரைக் குறிக்க வருபவர் என்ன செய்கிறார்? இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை எண்ணைக் கழிக்கிறார். இடைப்பட்ட நாட்களில் எப்போது விளக்கு எரிந்தது, எப்போது மோட்டார் ஓடியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வலையமைப்புகளை இணைக்கும் பெட்டியான ரவுட்டரில், இணைப்பு செருகும் ஒவ்வொரு வாய்க்கும், அதாவது போர்ட்டுக்கும், அப்படி ஒரு மீட்டர் உண்டு. உள்ளே வந்த பைட்டுகளுக்கு ஓர் எண்ணி, வெளியே போனவற்றுக்கு மற்றொன்று. எம்.ஆர்.டி.ஜி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையின் வழியாக ‘இப்போது எண் என்ன?’ என்று கேட்கும். கழிக்கும், 300 நொடியால் வகுக்கும், ஒரு புள்ளி வைக்கும். அவ்வளவுதான்.

தொல்லை எண்ணியில்தான். பழைய எண்ணிகள் 32 பிட் அகலம் கொண்டவை. சுமார் 429 கோடி வரை எண்ணியதும் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். புதிய எண் பழையதைவிடச் சிறியதாக இருந்தால், மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது என்று நிரல் ஊகித்துக்கொள்ளும். 10 மெகாபிட் இணைப்பு நிரம்பி ஓடினாலும் ஒரு சுற்று முடிய 57 நிமிடம் ஆகும். ஊகம் சரியாகவே இருக்கும். 1 கிகாபிட் இணைப்பில் 34 நொடியே போதும். இரண்டு கேள்விகளுக்கு இடையில் எண்ணி எட்டு முறை சுற்றியிருக்கும், நிரலுக்கோ அது தெரியவே தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 32 பிட் எண்ணியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், வரைபடம் சுமார் 114 மெகாபிட்டுக்கு மேல் எதையும் காட்ட முடியாது. இணைப்பு திணறிக்கொண்டிருக்கும், படம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பில் வந்த 64 பிட் எண்ணிகளைப் படிக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனாலும் பழைய அமைப்பை அப்படியே நகலெடுத்துவிட்டு, வாங்கிய வேகம் வரவில்லை என்று சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சண்டைக்குப் போனவன் நானேதான்.

ரவுட்டர் அணைந்து மீண்டும் எழுந்தாலும் எண்ணி பூஜ்யமாகும். அதையும் ஒரு சுற்று என்று நிரல் எடுத்துக்கொண்டால், சாதாரண இணைப்பில் விண்ணை முட்டும் ஓர் ஊசி முளைக்கும். இதற்காகவே அமைப்புக் கோப்பில் ஓர் உச்சவரம்பு எழுதி வைக்கச் சொல்கிறார்கள். அதைத் தாண்டும் எண் குப்பைக்குப் போகும்.

முதல் எம்.ஆர்.டி.ஜி. மகா மந்தம். முழுக்க முழுக்க பேர்ல் மொழியில் எழுதப்பட்டிருந்தது. 1996 ஜனவரியில் டேவ் ராண்ட் என்பவர் ‘ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?’ என்று கேட்டு ஓட்டிகருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அவர் சொன்ன யோசனைகள் பலிக்கவில்லை என்றதும், நேரம் தின்னும் பகுதிகளைத் தாமே சி மொழியில் திருப்பி எழுதி அனுப்பிவிட்டார். வேகம் 40 மடங்கு கூடியது. மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் முன்பின் அறியாத ஒருவரால் இதைச் செய்ய முடிந்தது.

அடுத்த கேள்வி, எவ்வளவு நினைவில் வைப்பது என்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஓர் ஆண்டுக்கு 1,05,120 புள்ளிகள், போர்ட்டுகளோ ஆயிரக்கணக்கில். 1999இல் ஓட்டிகர் தனியாக வெளியிட்ட, இத்தகைய புள்ளிகளைச் சேமித்து வரைபடமாக்கும் ஆர்.ஆர்.டி.டூல் என்ற நிரல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. கோப்பின் அளவு பிறக்கும்போதே முடிவாகிவிடும். பிறகு ஒரு பைட்கூட வளராது. செக்குமாடு போல ஒரே வட்டத்தில் எழுதிக்கொண்டே போய், இடம் முடிந்ததும் மிகப் பழைய பதிவின் மேலேயே எழுதும். ஆனால் அழிப்பதற்குள் சுருக்கி வைத்துவிடும்: அண்மைய நாட்களுக்கு ஐந்து நிமிட விவரம், அதற்கு முந்தையவற்றுக்கு அரைமணிச் சராசரி, பிறகு இரண்டு மணி, கடைசியில் ஒரு நாளுக்கு ஒரே எண். கேக்டை உள்ளிட்ட பல திறந்த மூலக் கருவிகள் இதன் முதுகில் ஏறித்தான் ஓடுகின்றன.

சராசரியை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். 100 மெகாபிட் இணைப்பு 30 நொடி முழுக்க நிரம்பி, மீதி நான்கரை நிமிடம் சும்மா இருந்தால், ஐந்து நிமிடப் புள்ளி காட்டுவது 10 மெகாபிட். தினமும் ஒரு மணி நேரம் அடைத்துக்கொள்ளும் அதே இணைப்பு, ஆண்டு வரைபடத்தில் 4 மெகாபிட்டில் சாதுவாகப் படுத்திருக்கும். ஆகவே சராசரியோடு அதிகபட்சத்தையும் சேமிக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டு, ஓர் ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது.

அனுபவசாலிகள் எண்ணைவிட வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான இணைப்பின் படம் மலைத்தொடர் போல ஏறி இறங்கும். பகலில் உச்சி அறுபட்டு மேசை போல் தட்டையாகிவிட்டால், இணைப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் குன்று பெரும்பாலும் காப்புநகல் எடுக்கும் வேலை.

ஆனால் தட்டையில் இன்னொரு வகையும் உண்டு. ரவுட்டர் பதில் சொல்லாவிட்டால், எம்.ஆர்.டி.ஜி. வழக்கமாகக் கடைசியாகக் கிடைத்த எண்ணையே திரும்பத் திரும்பப் போடும். செத்துப்போன இணைப்பு ஆடாமல் அசையாமல் ஒரே நேர்கோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.ஆர்.டி.டூல் அப்படிச் செய்வதில்லை. குறித்த காலத்துக்குள் எண் வரவில்லை என்றால் ‘தெரியாது’ என்றே பதிந்துவிட்டு, படத்தில் அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிடும்.